புதுமைப்பித்தன் புனைகதைகளில் அமானுடமும் மெய்யியலும்: வாழ்க்கை வரலாற்று நோக்கு

முன்னுரை

கொல்லிமலையில் பூதம் சமைத்ததாக நற்றிணை சுட்டும் கொல்லிப்பாவை, பேரழகும் பேரச்சமும் ஒன்றாகிய தொல்படிமமாகும். காண்போரை மயக்கிக் கொல்வதாகப் பிற்கால வழக்கு அதனை விரித்துரைத்தது. இத்தகைய அமானுட மரபை நவீனச் சிறுகதையின் மெய்யியல் வினாவாக மாற்றியோருள் தலையாயவர் புதுமைப்பித்தன். வறுமையையும் சாதியையும் எழுதிய நடப்பியலாளராகவே அவரைக் கொண்டு, அமானுடக் கதைகளைப் பொழுதுபோக்கு முயற்சிகளாக ஒதுக்குவது பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வாழ்வும் எழுத்தும்

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வட்டாட்சியர். செஞ்சி, திண்டிவனம் முதலிய ஊர்களில் தொடங்கிய கல்வி திருநெல்வேலியில் தொடர்ந்தது. இந்துக் கல்லூரியில் 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1934 முதல் மணிக்கொடியில் சிறுகதைகள் எழுதினார். சென்னையில் தினமணி, தினசரி ஆகிய நாளிதழ்களில் பணியாற்றினார். முதல் தொகுதி 1940இல் வெளிவந்தது. மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் புதினத்தைப் பிரேத மனிதன் எனத் தமிழில் தந்தமை, அமானுடப் புனைவில் அவர் கொண்டிருந்த ஈடுபாட்டிற்குச் சான்றாகும்.

அச்சமும் அறிவும்

1943இல் வெளியான காஞ்சனையில், வீட்டுக்குள் வந்து சேரும் பெண் மானிடப் பிறவிதானா என்பது இறுதிவரை தெளிவுறுத்தப்படவில்லை. கதைசொல்லி எழுத்தாளன், பகுத்தறிவும் அச்சமும் அவனுள் ஒருங்கே நிற்கின்றன. பேய் உண்டா என்பதினும், அறிவு எதுவரை துணைவரும் என்பதே அங்கு வினா. பிரம்ம ராக்ஷஸ், உடலிழந்தும் வேட்கை இழவாத உயிரின் தவிப்பைக் காட்டுகிறது. கபாடபுரம், கடல்கொண்ட நகரைத் தொன்மப் பெருமிதமாகப் போற்றாமல் கனவின் திகிலாகக் காண்கிறது. சிற்பியின் நரகத்தில், தான் படைத்த கலை வெறும் வழிபாட்டுப் பொருளாகிவிடுதல் சிற்பிக்கு நரகமாகிறது. கயிற்றரவு என்னும் தலைப்போ, கயிற்றைப் பாம்பாகக் காணும் மயக்கம்பற்றிய அத்துவித உவமையிலிருந்து பிறந்தது. காலமும் இறப்பும் அக்கதையின் பொருள்.

இறுதி நாட்கள்

வாழ்வின் கடைக்கூற்றில் திரைப்படத் துறைக்குச் சென்றார். ராஜமுக்தி படத்திற்காகப் புனேயில் பணியாற்றியபோது காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 42.

முடிவுரை

சமூகக் கதைகளில் நிறுவனங்களை ஐயுற்ற அதே மனம், அமானுடக் கதைகளில் புலனறிவையே ஐயுறுகிறது. ஆகவே இவ்விருவகைக் கதைகளும் ஒரே தேடலின் இரு முகங்களாகும். ஒன்றை ஒதுக்கினால் மற்றொன்றின் ஆழமும் குறைவுபடும்.