மாற்றார் ஏட்டில் எழுதிய மதிவாணர்: வோல்டர் லிப்மன்

நாளிதழொன்றின் அபிப்பிராயப் பக்கம் யாருக்கு உரியது? உரிமையாளர் சார்ந்த கட்சிக்கா, அன்றிப் பல கருத்துடைய வாசகர்க்கா? பழைமை பேணுவோரின் ஏடு மாற்றுக் கருத்தினருக்கு இடமளித்தல் தகுமா? அமெரிக்கப் பத்திரிகையுலகு எதிர்நோக்கிய இவ்வினாக்கள் யாவும் ஒருவருடைய வாழ்க்கையில் ஒருங்கே வந்து கூடின. அவரே வோல்டர் லிப்மன்.

லிப்மன் 1889ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி நியூயோர்க் நகரில், வசதி படைத்த யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஹாவாட் சர்வகலாசாலையிற் பயின்ற காலத்தில் சமதர்மக் கொள்கை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1912இல் ஸ்கெனெக்டடி நகரின் சமதர்மக் கட்சி மேயரிடம் செயலாளராய் அமர்ந்தவர், சில மாதங்களிலேயே அப்பதவியை விட்டு நீங்கினார். 1914இல் ‘நியூ ரிபப்ளிக்’ சஞ்சிகை தோன்றியபோது அதன் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றார்.

1922இல் வெளிவந்த ‘பொதுசன அபிப்பிராயம்’ என்னும் நூல் அவர் புகழை நிலைநாட்டியது. மனிதர் உலகை நேரிற் காண்பதில்லை, தம் மனத்தில் வரைந்துகொண்ட சித்திரங்களைக் கொண்டே அதனை அளக்கின்றனர் என்பது அந்நூலின் சாரம். அச்சுத் தொழிலில் வழங்கிய ‘ஸ்டீரியோடைப்’ என்ற சொல்லை, வார்த்தெடுத்தாற் போன்ற மாறாத மனப்பதிவுகளுக்கு வழங்கச் செய்தவரும் அவரே. அக்காலத்தில் முற்போக்குச் சார்புடைய ‘வேர்ல்ட்’ நாளிதழிற் சேர்ந்து, அதன் தலையங்கப் பக்கத்துக்குப் பொறுப்பாளரானார். 1931இல் அவ்வேடு விற்கப்பட்டுத் தன் தனி வாழ்வை இழந்தது.

அவ்வேளையில் அவரை அழைத்தது ‘நியூயோர்க் ஹெரல்ட் ட்ரிபியூன்’. ரீட் குடும்பத்தாருக்குச் சொந்தமான அந்நாளிதழ் குடியரசுக் கட்சியின் குரலாய் விளங்கியது. ஆயினும், தன் தலையங்கத்துக்கு மாறாகவும் எழுதக்கூடிய ஒருவருக்கு அது நிரந்தர இடம் வகுத்தது. 1931 செப்டெம்பரில் ‘இன்றும் நாளையும்’ என்னும் பத்தி தொடங்கிற்று. பின்னர் அது இருநூறுக்கு மேற்பட்ட ஏடுகளில் வெளிவரலாயிற்று.

பின் நிகழ்ந்தவை எவரும் எதிர்பாராதவை. 1932இன் தொடக்கத்தில் ரூஸ்வெல்டின் தகுதியை ஐயுற்று எழுதிய லிப்மன், அவ்வாண்டின் இறுதியில் அவரையே ஆதரித்தார். 1936இலோ ரூஸ்வெல்டை எதிர்த்துக் குடியரசுக் கட்சி வேட்பாளர் லண்டன் பக்கம் நின்றார். 1937இல் எழுதிய ‘நல்ல சமுதாயம்’ என்ற நூலில், அரசு யாவற்றையும் தன் கையில் எடுத்தலைக் கண்டித்தார். அதே நூலில், சந்தையைக் கட்டின்றி விடுதலே போதும் என்ற பழைய கோட்பாட்டையும் மறுத்தார். முற்போக்காளர் அவரைக் கைவிட்டுப் போனவர் என்றனர். பழைமைவாதியரோ அவரை முற்றிலும் தம்மவராகக் கொள்ள இயலாது தயங்கினர். கட்சிப் பெயரொன்றுக்குள் ஒருவரின் சிந்தனையை அடைத்துவிட முடியாதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும், அவர் எழுத்தில் நீங்காத கறையொன்றும் உண்டு. 1942 பெப்ருவரி 12ஆம் திகதி வெளியான பத்தியில், மேற்குக் கரையோரத்து ஜப்பானிய வம்சாவழியினரை ஐயத்துக்குரியோராகக் கொண்டு, அவர்களை அகற்றும் யோசனைக்கு வலுச் சேர்த்தார். ஒரு வாரத்தில் அரசாணை பிறந்தது. ஏறத்தாழ 120,000 பேர் வீடுவாசல் இழந்து முகாம்களில் அடைபட்டனர். அமெரிக்க அரசு அதற்கு மன்னிப்புக் கோரியது 1988இலேயே. மனத்திலுள்ள வார்ப்புப் படங்களைப் பற்றி உலகுக்கு எச்சரித்தவரே அத்தகைய படமொன்றுக்கு இரையானார். இரு கட்சியாருக்கும் இடம் பகிர்ந்தளித்தால் அபிப்பிராயப் பக்கம் நிறைவுற்றதாகாது. எக்கட்சியும் பேச முன்வராத மக்களின் குரலுக்கு அங்கே இடமுண்டா என்பதும் கேட்கப்படவேண்டிய வினா.

முதுமையில் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து எழுதி ஜனாதிபதி ஜோன்சனின் நட்பை இழந்தார். 1967இற் பத்தியை நிறுத்தி, 1974 டிசெம்பர் 14ஆம் திகதி காலமானார்.

ஹெரல்ட் ட்ரிபியூன் 1966இலேயே மறைந்துவிட்டது. அது காட்டிய வழி மறையவில்லை. 1970இல் ‘நியூயோர்க் டைம்ஸ்’ தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை வெளியார் கருத்துகளுக்கென ஒதுக்கியது. 1973இல் ஜனாதிபதி நிக்ஸனுக்கு உரை எழுதிய வில்லியம் சஃபையரைப் பத்தியாளராக அமர்த்தியது. முன்னர் பழைமை பேணிய ஏடு மாற்றுக் கருத்தினரை அழைத்தது. பின்னர் முற்போக்கு ஏடு பழைமைவாதியை அழைத்தது. தம் கருத்தோடு முரண்படுபவருக்கும் மையும் தாளும் வழங்கிய இந்த மரபு, பத்திரிகைத் தொழிலுக்கு வாய்த்த பெருஞ்செல்வமாகும்.