இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கராவும் பெண் கல்வியும்

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13 ஆம் திகதி அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரன்தொம்பை என்னும் கிராமத்தில் பிறந்தார். புலமைப்பரிசில் பெற்று காலி ரிச்மண்ட் கல்லூரியில் கற்றார். சிலகாலம் ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் சட்டத்தரணியானார். 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, கல்வி அமைச்சராகி, 1947 வரை அப்பதவியை வகித்தார்.

அக்காலத்தில் சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் உயர்ந்த உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் உண்டு. ஒரு பிள்ளைக்கு மட்டுமே பணம் கட்டக்கூடிய தந்தை யாரை அனுப்புவார்? உழைத்துத் தரப்போகும் மகனையே அனுப்புவார். மகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, சமையலில் தாய்க்கு உதவிக்கொண்டு வீட்டில் இருப்பாள். சேர்த்த பணம் அவளது சீதனத்துக்குப் போகும். பெண் பிள்ளைமீது அன்பில்லாமையால் அல்ல, வறுமையாலேயே பல வீடுகளில் இத்தெரிவு நடந்தது. வளர்முக நாடுகள் பலவற்றில் இன்றும் இதே நிலையைக் காணலாம்.

கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. வசதி படைத்தோர் பலரும் தனியார் பாடசாலை முகாமையாளர் பலரும் அதனை எதிர்த்தனர். எனினும் 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல், பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அமைந்தது. கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் அமைக்கப்பட்டதால் நல்ல பாடசாலையைத் தேடி நகரத்துக்குச் செல்லவேண்டிய தேவையும் குறைந்தது. மகனா, மகளா என்று தெரிவு செய்யவேண்டிய நிர்ப்பந்தம் தளர்ந்தது.

1946 குடிசன மதிப்பீட்டின்படி எழுத்தறிவுடைய ஆண்கள் ஏறத்தாழ 70 சதவீதம், பெண்கள் 44 சதவீதம். 1981 இல் ஆண்கள் 91 சதவீதம், பெண்கள் 83 சதவீதம். இடைவெளி 26 இலிருந்து 8 ஆகக் குறைந்தது.

ஆயினும் இப்பயன் எல்லோரையும் ஒரே காலத்தில் சென்றடையவில்லை. மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேயே ஆகும். அதுவரை அங்குள்ள சிறுமியர் பலர் ஆரம்ப வகுப்புகளுடன் படிப்பை நிறுத்திக் கொழுந்து பறிக்கச் சென்றனர்.

கன்னங்கரா 1947 பொதுத் தேர்தலில் மத்துகமையில் தோல்வியுற்றார். 1969 செப்டெம்பர் 23 ஆம் திகதி காலமானார்.

மாணவர்களே! பெண் கல்வி பற்றிக் கட்டுரை எழுதும்போது பெற்றோரின் மனப்பான்மையை மட்டும் குறைகூறி நிறுத்திவிடாதீர்கள். கட்டணம், தூரம், மொழி, வீட்டுவேலை ஆகிய தடைகளையும் எடுத்துக் கூறுங்கள். சட்டத்தால் நீங்கியவை எவை, நீங்காதவை எவை என்பதையும் பிரித்துக் காட்டுங்கள்.