மணலைச் சோலையாக்கிய நெம்மேலி ஆளவந்தார் நாயகர்

ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரையில் ஆளவந்தார் என்னும் திருநாமத்திற்குத் தனிப் பெருமை உண்டு. காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த யாமுனாசாரியர், இளமையிலேயே அரசவை வாதத்தில் வென்று பாதி அரசைப் பரிசாகப் பெற்றார். பின்னர் மணக்கால் நம்பி அவரைத் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்று, பாட்டனார் நாதமுனிகள் அவருக்காக வைத்துச் சென்ற குலதனம் அரங்கனே என்று காட்டினார். அக்கணமே அரச போகம் அவருக்குத் துரும்பாயிற்று. குருபரம்பரை கூறும் வரலாறு இது.

அதே திருநாமத்தைத் தாங்கிய அடியவர் ஒருவர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் தொண்டை நாட்டுக் கடற்கரையில் வாழ்ந்தார். அவரே நெம்மேலி ஆளவந்தார் நாயகர். அவருக்கு அரசு எதுவும் பரிசாக வரவில்லை. வெறும் மணலிலிருந்து தாமே ஒரு பெருஞ்சொத்தை உண்டாக்கி, அதனை எம்பெருமானுக்கே உரியதாக்கிச் சென்றார்.

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டைப் போல, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் குடிக்காடு என முடியும் ஊர்கள் பல. காடு திருத்திக் குடியமைத்த முன்னோரின் உழைப்பை அப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. ஆளவந்தார் நாயகரின் உழைப்போ வேறு வகை. காடே இல்லாத இடத்தில் காட்டை உண்டாக்கிக் குடிகளைக் காத்த உழைப்பு அது.

திருவிடந்தைக்கும் திருக்கடல்மல்லைக்கும் இடையே உள்ள ஊர் நெம்மேலி. இரண்டும் திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசங்கள். கடல்மல்லை, பூதத்தாழ்வார் அவதரித்த தலமுமாகும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இடையில் நீண்டு கிடக்கும் மணல் திட்டு. கோடைக் காற்றில் அம்மணல் எழுந்து வயலையும் வழியையும் மூடும். விதைத்தால் விளையாத அந்நிலத்தை விரும்புவார் எவரும் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அந்நிலத்தை அரசிடமிருந்து பெற்று மரம் வளர்க்க முன்வந்தார் ஆளவந்தார் நாயகர்.

கடல் மணலில் சவுக்கு வளர்ப்பது எளிய வேலையன்று. முதலில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடிக்க வேண்டும். காற்றுத் தடுப்புக்குப் பனையோலை வேலி வேண்டும். மணலில் ஊற்றுத் தோண்டி, நீரைக் குடத்தில் முகந்து, ஒவ்வொரு கன்றுக்கும் பல மாதங்கள் கையால் ஊற்ற வேண்டும். வேர் ஈரத்தைத் தொட்டுவிட்டால் பின்பு சவுக்கு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருவதால், சத்தற்ற மணலிலும் அது செழிக்கும். உதிரும் சருகு மணலை மூடும். வேர் மணலைக் கட்டும். தோப்பு காற்றைத் தடுக்கும்.

கடல்மல்லைத் தலபுராணத்தில் புண்டரீக மகரிஷியின் கதை வருகிறது. பாற்கடல் நாதனுக்குத் தாமரை மலர்களைச் சமர்ப்பிக்க விரும்பிய அம்முனிவர், குறுக்கே நின்ற கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினார். முதியவராக வந்த பெருமாள் பசிக்கு அன்னம் கேட்டார். முனிவர் அன்னம் கொண்டு திரும்புமுன், அம்மலர்களைச் சூடித் தரையிலேயே பள்ளிகொண்டு ஸ்தலசயனப் பெருமாளாகக் காட்சி தந்தார். கடலை இறைத்த முனிவரின் மண்ணில், மணலுக்கு நீர் இறைத்த அடியவரும் தோன்றினார் என்பது பொருத்தமே. பசித்தவருக்கு அன்னம் என்னும் அப்புராணத்தின் உட்பொருளையும் அவர் மறக்கவில்லை.

இவ்வாறு உருவான நிலம் 1,054 ஏக்கர். அதனைச் சுற்றத்தார்க்குப் பங்கிட்டுத் தராமல், திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், கடல்மல்லை ஸ்தலசயனப் பெருமாள் முதலிய வைணவத் தலங்களின் உற்சவங்களுக்கும் அடியார்க்கு அன்னதானத்திற்கும் உரியதாக ஆளவந்தார் நாயகர் உயில் எழுதிவைத்தார். 1914-ஆம் ஆண்டில் அவர் ஆசாரியன் திருவடி அடைந்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது.

தருமம் செய்வது ஒருவர் வாழ்நாளில் முடியும். அதைக் காப்பது தலைமுறைதோறும் தொடர வேண்டிய பணி. ஒருவரும் வேண்டாத அந்த மணல், கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் பொன் விலை பெற்றது. விலை ஏற ஏற ஆக்கிரமிப்பு அச்சமும் ஏறியது. மரம் இல்லாத காலத்தில் காற்றால் வந்த துன்பம், மதிப்பு மிக்க காலத்தில் மனிதரின் ஆசையால் வருகிறது. முன்னதை நாயகர் தம் உழைப்பால் வென்றார். பின்னதை வெல்லும் பொறுப்பு நிர்வாகத்தாரையும் ஊராரையும் பக்தர்களையும் சார்ந்தது. எல்லைக் கல்லைக் காப்பதும், குத்தகையை ஒழுங்காகப் பெறுவதும், வரும் பொருள் உயிலில் சொன்ன கைங்கரியத்திற்கே செல்கிறதா என்று கேட்பதும் பகவத் சேவையே.

அந்நிலத்தின் ஒரு பகுதி சென்னைக் குடிநீர் வாரியத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் அங்குத் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறன் கொண்டது அது. குடத்து நீரால் கன்றுகளைக் காத்தவரின் மண்ணிலிருந்து ஒரு மாநகரத்தின் தாகம் தணிகிறது.

திருமண வரம் வேண்டித் திருவிடந்தைக்கும், ஸ்தலசயனனைச் சேவிக்கக் கடல்மல்லைக்கும் செல்லும் அன்பர்கள் நெம்மேலியைக் கடந்தே செல்கிறார்கள். வழியில் நாயகரின் நினைவிடத்தில் ஒரு கணம் நின்று கைகூப்புதல் தகும். அந்தத் தலங்களில் உற்சவம் காணும்போதும் அன்னப் பிரசாதம் பெறும்போதும், மணலில் குடம் சுமந்த அந்த அடியவரை நினைத்துக்கொள்வது நன்றி. அவர் வைத்துச் சென்றதைக் குறையாமல் அடுத்த தலைமுறைக்குத் தருவது கடமை.

ஆளவந்தார் திருவடிகளே சரணம்.