முதல் போட்டவரும் உழைப்பவரும்

பணம் போட்டவனுக்கே கம்பெனி சொந்தம் என்பது வியாபார உலகில் வேரூன்றிவிட்ட கொள்கை. அதனை ஆலை முதலாளியாக இருந்துகொண்டே எதிர்த்தவர் ராபர்ட் ஓவன்.

1771-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி வேல்ஸ் நாட்டு நியூடவுனில் பிறந்த ஓவன், பத்து வயதிலேயே ஜவுளிக்கடை வேலைக்குச் சென்றார். இருபது வயதளவில் மாஞ்செஸ்டரில் 500 பேர் உழைத்த நூற்பாலையின் மானேஜரானார். 1800-ல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலை நிர்வாகத்தை ஏற்றார். ஆலையை நம்பி வாழ்ந்தோர் சுமார் 2,000 பேர். அவர்களில் 500 பேர் தர்ம விடுதிகளிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர்கள்.

பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு எடுப்பதை ஓவன் நிறுத்தினார். ஆலைக் கடையில் நல்ல சரக்கை மலிவாக விற்கச் செய்தார். தொழிலாளிகளோ அந்நியரான அவரை எளிதில் நம்பவில்லை. அமெரிக்காவிலிருந்து பருத்தி வருவது தடைப்பட்டு, யந்திரங்கள் நான்கு மாதம் ஓயாமற்போகாமல் ஓய்ந்து கிடந்த காலத்தில், ஒருவரையும் விலக்காமல் அவர் முழுக் கூலி கொடுத்தார். அதற்கான செலவு 7,000 பவுனுக்கு மேல். அன்றுதான் அவர்கள் நெஞ்சம் இளகியது.

கூட்டாளிகளின் நெஞ்சம் இளகவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செலவிடும் காசெல்லாம் தங்கள் லாபத்தில் விழும் துண்டென்று அவர்கள் கருதினர். 1813-ல் ஆலை ஏலத்துக்கு வந்தது. ஜெரிமி பெந்தாம், வில்லியம் ஆலன் முதலிய புதிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுனுக்கு அதனை ஓவனே எடுத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் போக, மிஞ்சிய லாபம் தொழிலாளிகளின், அவர்கள் குழந்தைகளின் நன்மைக்கே என்பது புதிய ஒப்பந்தம். 1816-ல் பெரிய கல்விச்சாலை திறக்கப்பட்டது. ஆலையின் லாபமும் குன்றவில்லை.

ஆயினும் அங்கே எல்லாம் ஓவனின் சித்தப்படியே நடந்தன. நிர்வாகத்தில் தொழிலாளிக்கு வாக்கில்லை. ஒருவரின் கருணையால் வந்த நன்மை அவர் போனபின் நிலைக்குமா? இதனை உணர்ந்தே அவர் பார்லிமெண்டின் கதவைத் தட்டினார். 1819-ம் வருஷத்துச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பருத்தியாலைகளில் சேர்ப்பதைத் தடுத்தது. மேற்பார்வைக்கு இன்ஸ்பெக்டர்களை நியமிக்காததால் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. பின்னர் அவர் கூட்டுறவு இயக்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உழைத்து, 1858 நவம்பர் 17-ந் தேதி பிறந்த ஊரிலேயே காலமானார்.

நல்ல முதலாளி வாய்ப்பது பாக்கியம். அந்தப் பாக்கியத்தை உரிமையாக்குவன சட்டமும் சங்கமுமே. ஓவனின் வாழ்வு இவ்விரண்டையும் நமக்குக் காட்டுகிறது.