எண்களைத் தேடி வயலுக்குப் போனவர்

கடந்த வாரம் என் அக்காள் மகள் டத்தோ கிராமாட்டில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். எஸ்.டி.பி.எம். மாணவி. தரவுத் துறையில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலில் எதைப் போடுவது, புள்ளியியலா கணினி அறிவியலா என்பது அவள் குழப்பம். கணினி படித்தால் போதும், கணக்கையெல்லாம் அதுவே போட்டுவிடும் என்று தோழிகள் சொல்கிறார்களாம்.

ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தபோது, பெட்டியின் மேல் வரிசையில் இருந்த 20 பாகங்களை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அடி வரிசையில் இருந்தவை பழுது. சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. நான் கொடுத்த எண்களைக் கொண்டு கணினி சரியாகவே கணக்குப் போட்டிருந்தது. மாதிரி எடுத்த என் கைதான் தவறு செய்திருந்தது. அந்தத் தலைகுனிவோடு புள்ளியியல் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிய நாள்களில்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் எனக்கு அறிமுகமானார். அக்காள் மகளுக்கு அன்று நான் சொன்னது அவருடைய கதையைத்தான். மாணவர்களே, உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மகலனோபிஸ் 1893 ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்று, 1913இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். புள்ளியியல் படிக்கும் எண்ணம் அப்போது அவருக்குத் துளியும் இல்லை.

அங்கே அவருக்கு வாய்த்த நண்பர்களில் ஒருவர் நம் கணித மேதை ராமானுஜன். ஒருநாள் அறைக்குப் போனபோது, இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்று ராமானுஜன் வருந்தினார். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், ராமானுஜன் மேலேயே படுத்து உறங்கியிருக்கிறார். கம்பளியை விலக்கிப் படுக்கும் விதத்தை நண்பர் காட்டிக் கொடுத்தார். நடுங்கியவருக்கு அறிவுரை சொல்வதற்கு முன் கட்டிலைப் போய்ப் பார்த்தாரே, அந்தக் குணம் அவரைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

இன்னொரு நாள் ஒரு மாத இதழில் வந்த புதிரை அவர் ராமானுஜனிடம் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்கள். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள் உண்டு. மகலனோபிஸ் எண்களைப் போட்டுப் பார்த்தே விடை கண்டிருந்தார்: 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் வீடு. காய்கறி வதக்கிக்கொண்டிருந்த ராமானுஜனோ, அதற்கான எல்லா விடைகளையும் தரக்கூடிய தொடர் பின்னத்தைச் சட்டெனச் சொல்லிவிட்டார். போட்டுப் பார்த்து ஒரு விடையைப் பிடிப்பதை இன்று கணினி நொடியில் செய்துவிடும். எல்லா விடைகளுக்கும் உரிய வழியைக் காண்பதற்குத்தான் நாம் கணிதம் படிக்கிறோம்.

1915இல் ஊர் திரும்பும் நேரம். முதல் உலகப் போரால் கப்பல் புறப்படத் தாமதமானது. கல்லூரி நூலகத்தில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தவருக்கு, ஆசிரியர் மெக்காலே பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் ஆய்விதழைக் காட்டினார். பிடித்துப்போனது. முழுத் தொகுப்பையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, தம் துறை அறையின் ஒரு மூலையில் புள்ளியியலையும் வளர்த்தார்.

1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம். பெரும் பணம் போட்டு நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியாளர்கள் திட்டம் போட்டார்கள். மகலனோபிஸ் சுமார் 50 ஆண்டு மழைக் கணக்கை ஆராய்ந்து, அந்தத் தேக்கங்களால் பயனில்லை, தண்ணீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள். 60 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்த அவர், படுகை உயரவில்லை என்று நிறுவினார். பதிவேட்டில் தூங்கிய எண்கள் மக்கள் பணத்தைக் காத்தன.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது. முதலாண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. அந்நாளில் கம்ப்யூட்டர் என்பது இயந்திரத்தின் பெயர் அல்ல. காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் ஊழியரின் பதவிப் பெயர்.

அடுத்து வந்ததுதான் என்னைக் கவர்ந்த பகுதி. வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்று அறிய வேண்டும். வயல் வயலாக எண்ணினால் செலவு மிக அதிகம். 1937இல் தொடங்கிச் சில வயல்களை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அளந்தார். ஆண்டுதோறும் மாதிரியைக் கூட்டி, எவ்வளவு செலவுக்கு எவ்வளவு துல்லியம் கிடைக்கிறது என்று கணக்கிட்டார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரண்டின் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை என்று பொருள். எல்லா வயலையும் எண்ணும் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் வேலை முடிந்தது.

அவரும் தவறக்கூடியவர்தான். விளைச்சலை அளக்க மிகச் சிறிய வட்டங்களில் பயிரை அறுத்துப் பார்க்கும் முறையை அவர் கையாண்டார். எல்லைக்கோட்டில் நிற்கும் செடிகளை அறுப்பவர் உள்ளே சேர்த்துவிடுவதால், சிறிய வட்டம் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று சுகாத்மே என்ற மற்றொரு புள்ளியியலாளர் ஆய்வு செய்து காட்டினார். இதைப் படித்தபோது என் பழைய பெட்டியின் மேல் வரிசைதான் நினைவுக்கு வந்தது.

1950இல் அவர் முயற்சியால் இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. நாடெங்கும் வீடுகளிலிருந்து தகவல் வந்து குவிந்தது. கையால் கணக்கிட்டு மாளவில்லை. ஆகவே கணினியைத் தேடினார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஹெச்.இ.சி. 2எம் என்ற கணினி 1956இல் அவருடைய நிறுவனத்தில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணினி என்று அறியப்படுவது அதுதான். 1966இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நிறுவனம் சொந்தமாகவே ஒரு கணினியை இயக்கிக் காட்டியது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கேள்வி, பிறகு வயல், பிறகு கணக்கு, கடைசியில்தான் கணினி.

1936இல் அவர் வெளியிட்ட மகலனோபிஸ் தொலைவு இன்றைய தரவு அறிவியல் மாணவர்களுக்குப் பாடம். ஒருவர் உயரம் 180 சென்டிமீட்டர், அதில் வியப்பில்லை. எடை 45 கிலோ, அதிலும் வியப்பில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் வியப்பு. அளவுகளைத் தனித்தனியே பார்க்காமல், ஒன்றுக்கொன்று உள்ள உறவையும் சேர்த்துப் பார்த்து, கூட்டத்திலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை அந்தச் சூத்திரம் சொல்கிறது. வழக்கத்துக்கு மாறான பதிவுகளைக் கண்டுபிடிக்கும் கணினி நிரல்களில் அது இன்றும் பயன்படுகிறது.

1959இல் அவருடைய நிறுவனம் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 1960இல் புள்ளியியல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1972 ஜூன் 28ஆம் நாள், 79ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் காலமானார். அவருடைய பிறந்தநாளை இந்தியா புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

இனி என் மருமகளின் கேள்விக்கு வருவோம். இரண்டையும் படிக்க வேண்டும் என்றேன். புள்ளியியலை முதன்மைப் பாடமாக எடுத்தால் நிரலாக்கமும் தரவுத்தளமும் கூடவே கற்க வேண்டும். கணினி அறிவியலை எடுத்தால் நிகழ்தகவையும் மாதிரியெடுப்பையும் விட்டுவிடக் கூடாது. எஸ்.டி.பி.எம். கணிதத்தின் மூன்றாம் தவணையில் வரும் புள்ளியியலைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிட வேண்டாம். நம் பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கணித அறிவியல் பள்ளியும் கணினி அறிவியல் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை, அரசுப் புள்ளிவிவரத் துறை, எங்கே வேலைக்குப் போனாலும் இரண்டும் கைகொடுக்கும்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. இடுபணிக்காக எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு தண்ணீர்ப் பயன்பாட்டைக் கணக்கெடுக்க வந்திருந்தாள். எனக்குத் தெரிந்த பத்து வீடுகளில் கேட்டுத் தரச் சொல்வது அவள் திட்டம். பேச்சு முடிந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டாள். எல்லாக் கதவு எண்களையும் சீட்டில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, முதல் சீட்டை எடுத்தாள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. குறிப்பேட்டோடு அவளே படியேறினாள்.