யார் இந்த பேக்கர்?

கடந்த தவணையில் எட்டாம் தர மாணவர்களை ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்து முடிந்ததும் ஒரு மாணவி, யார் சேர் இந்த பேக்கர், பேக்கரி வைத்திருந்தவரா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆசிரியர் கலாசாலையில் நான் மனப்பாடம் செய்திருந்த பதிலையே அவளுக்கும் சொன்னேன்: நுவரெலியாவை உருவாக்கிய வெள்ளைக்காரர், பிறகு ஆபிரிக்காவில் அடிமை வியாபாரத்தை ஒழித்தவர். உடப்புசல்லாவைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது.

சாமுவேல் வைட் பேக்கர் 1821இல் லண்டனில் பிறந்தார். தந்தை பெரும் வர்த்தகர். ஜமைக்காவிலும் மொரீஷியஸிலும் அந்தக் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பிரித்தானியக் குடியேற்றங்களில் சீனி என்றால் 1830கள் வரை அடிமைகளின் உழைப்பு என்றுதான் பொருள். அடிமை முறை ஒழிந்ததும் மொரீஷியஸ் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். திருமணமான கையோடு இளம் பேக்கர் போய் இறங்கியது அந்த மொரீஷியஸில்தான்.

அங்கே சலித்துப்போய், யானை வேட்டை ஆசையில் 1846 அளவில் இலங்கைக்கு வந்தார். காய்ச்சல் கண்டு, உடம்பைத் தேற்ற நுவரெலியாவுக்கு ஏறினார். ஊர் பிடித்துப்போயிற்று. ஆனால் நுவரெலியாவை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியிலேயே அதை வெள்ளையருக்கான ஓய்விடமாக்கிவிட்டார். பேக்கர் செய்தது அங்கே ஓர் ஆங்கிலப் பண்ணையை நட்டுப் பார்த்தது. ஏக்கர் இருபது ஷில்லிங்குக்கு அரசிடம் காணி வாங்கினார். மாத்தளைக் கிளர்ச்சி நடந்த அதே 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகள், மாடு, செம்மறி, வேட்டை நாய்கள், ஏன் ஒரு குதிரை வண்டியையும் கூடக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார். வண்டி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. அதை மீட்க அனுப்பிய யானையைக் குதிரைக்காரன் விரட்டி விரட்டி ஓட்ட, அதுவும் செத்தது. பயிரைப் புழு தின்றது, மாடுகள் நோயில் விழுந்தன. இதையெல்லாம் நகைச்சுவையாக எழுதத் தெரிந்தவர் அவர். எனக்கும் வாசிக்கையில் சிரிப்பு வந்தது. காட்டை வெட்டிய கூலியாட்களைத்தான் அந்தப் பக்கங்களில் மனிதர்களாகக் காண முடியவில்லை.

வேட்டை அவருக்கு வெறி. மரையை நாய்களால் துரத்தி, கத்தியால் குத்திக் கொல்வது அவருக்குப் பிடித்த விளையாட்டு. யானை சுடுவதற்கு அப்போது அரசே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் வடக்கின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டதாக எமர்சன் டென்னன்ட் பதிந்திருக்கிறார். ஆகவே பழியை பேக்கர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அதை வீரமாக்கி உலகத்துக்கு விற்றவர்களில் அவர் முன்வரிசை. நமது முஸ்லிம் பணிக்கர்மார் துப்பாக்கியே இல்லாமல், தோல் கயிற்றை மட்டும் நம்பி காட்டு யானையைப் பிடித்ததை அவரே வியந்து எழுதியிருக்கிறார். பொலன்னறுவைப் பக்கத்துப் பழைய குளங்களைப் பார்த்தும் வியந்தார். கண் இருந்த மனிதர்தான்.

1855இல் இலங்கையை விட்டுப் போனார். அதே வருடம் மனைவி இறந்தார். 1859இல் உஸ்மானிய ஆட்சியின் கீழிருந்த விதின் நகர அடிமைச் சந்தையில் ஓர் இளம் பெண்ணைக் கண்டு அவளை அழைத்துக்கொண்டு வந்தார். அவள்தான் புளோரன்ஸ். நைல் நதியின் ஊற்றைத் தேடி அவருடன் நடந்தவள் அவள். 1864 மார்ச்சில் இருவரும் ஒரு பெரிய ஏரியின் கரையை அடைந்தார்கள். அந்த ஏரிக்கு ஏற்கெனவே ஊர்ப் பெயர் இருந்தும், விக்டோரியா மகாராணியின் காலஞ்சென்ற கணவரின் பெயரை வைத்து அல்பர்ட் ஏரி என்றார் பேக்கர். மகா எலிய ஹோர்ட்டன் சமவெளி ஆனது போலத்தான். 1866இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. புளோரன்ஸை மட்டும் அரசவையில் ஏற்க மகாராணி மறுத்துவிட்டார்.

1869இல் எகிப்தின் கெதீவ் இஸ்மாயில், வருடத்துக்கு 10,000 பவுண் சம்பளத்தில் அவரைத் தென்சூடானுக்கு அப்பாலுள்ள பகுதிக்கு ஆளுநராக அனுப்பினார். பாஷா பட்டமும் கிடைத்தது. வேலை, அடிமை வியாபாரத்தை அடக்குவது. கூடவே அந்த நிலத்தை எகிப்துக்குச் சேர்ப்பது.

இந்த இடத்தில் நாமும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. கார்த்தூமிலிருந்து கிராமங்களைச் சூறையாடி மனிதர்களைக் கட்டி இழுத்தவர்களில் பெரும்பாலோர் நம் பெயர் தாங்கியவர்கள். அடிமையை உரிமை விடுவது எவ்வளவு பெரிய நன்மை என்று நம் மார்க்கம் சொல்வது அவர்களுக்கும் தெரிந்தே இருக்கும். பேக்கர் சில அடிமைக் கூட்டங்களை மறித்து விடுவித்தது உண்மை. அதை மறைத்து எழுதினால் நானும் அநீதி செய்தவனாவேன்.

ஆனால் 1872 மே மாதம் மசிந்தியில், புன்யோரோ நாடு எகிப்துக்குச் சொந்தம் என்று அவர் அறிவித்தார். அந்நாட்டு மன்னர் கபலேகா இளைஞர். யாரைக் கேட்டு என் நாட்டை எடுத்தாய் என்பதுதான் அவரது சண்டை. ஜூன் மாதம் மோதல் வெடித்தது. பேக்கரின் படை மசிந்தியை எரித்துவிட்டுப் பின்வாங்கியது. ஊர் திரும்பி அவர் எழுதிய புத்தகத்தில் கபலேகா நயவஞ்சகர் ஆனார். பல தசாப்தங்களுக்கு உலகம் அதையே நம்பியது. பிற்காலத்தில் அதே கபலேகா பிரித்தானியரை எதிர்த்து நின்று, 1899இல் பிடிபட்டு, சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1923இல் திரும்பும் வழியில் இறந்தார். 2009இல் உகண்டா அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. பேக்கரின் அடிமை ஒழிப்போ, 1873இல் அவர் கிளம்பியதோடு பெரும்பாலும் கரைந்துபோனது. 1893இல் இங்கிலாந்தில் தன் வீட்டில் அவர் காலமானார்.

உகண்டாவில் கணக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டார்கள். இங்கே நாம் இன்னும் அவர் பெயருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறோம். அந்தப் பெயரை மாற்று என்று நான் கேட்கவில்லை. பெயர் மாற்றும் அரசியலை இந்த நாட்டில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு, காட்டை வெட்டியவர்கள் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் வெட்டச் சொன்னவரின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தேனே, அதுதான் உறுத்துகிறது.

அந்த மாணவிக்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. பாடசாலை திறந்ததும் உலகப்படத்தை மேசையில் விரித்து, மொரீஷியஸ், நுவரெலியா, விதின், மசிந்தி நான்கையும் விரலால் தொட்டுக் காட்டி, இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, யார் இந்த பேக்கர் என்று அவளிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.