கணித வல்லார் லோபாசெவ்ஸ்கி

கலாசாலைகளில் உயர்பதவி ஏற்ற ஆசிரியர் பலர், கடிதங்களுக்கு விடை எழுதுவதிலும் வரவு செலவுக் கணக்குகளைச் சரிபார்ப்பதிலும் தம் காலமெல்லாம் கழிய, ஆராய்ச்சியைக் கைவிட நேர்ந்ததென்று வருந்துவதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வருத்தம் பொய்யன்று. ஆயினும், ருஷிய தேசத்துக் கஸான் நகரில் வாழ்ந்த நிக்கலாய் லோபாசெவ்ஸ்கியின் சரிதம் நம்மைச் சற்று வேறு விதமாகச் சிந்திக்கச் செய்கின்றது.

இவர் 1792-ம் ஆண்டிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, வறுமையில் வளர்ந்து, 1807-ல் கஸான் சர்வகலாசாலையில் மாணவராய்ச் சேர்ந்தார். 1822-ல் அங்கேயே முழுப் பேராசிரியரானார். 1825-ல் புத்தகசாலையும் இவர் பொறுப்பாயிற்று. கட்டடக் குழுவின் தலைமையும் இவரிடமே வந்தது. அதன் பொருட்டுச் சிற்ப சாஸ்திரத்தையும் கற்றாரென்பர். பிறர் தலையிற் சுமத்திவிட்டு நழுவியிருக்கலாம். அவ்வாறு அவர் செய்திலர்.

ஒரு நேர்கோட்டிற்குப் புறத்தேயுள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாய் ஒரு கோடே செல்லும் என்பது யூக்ளிட் வகுத்த கேத்திர கணிதத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அதனை நிரூபிக்க இரண்டாயிரம் ஆண்டுகளாய் முயன்றோர் எல்லாரும் தோற்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் செல்லுமெனக் கொண்டாலும் முரண்பாடற்ற வேறொரு கேத்திர கணிதம் அமையுமெனக் கண்டவர் லோபாசெவ்ஸ்கி. இதனை விளக்கும் கட்டுரையை 1826 பிப்ரவரியில் தம் கலாசாலையாரிடம் சமர்ப்பித்தார். ஆராய்ந்து கருத்துரைக்க மூவர் நியமிக்கப்பெற்றனர். அவர்கள் ஒன்றும் உரைத்திலர். கட்டுரையும் எங்கோ தொலைந்தொழிந்தது. பிறருடைய ஏடுகளையெல்லாம் பேணிக் காத்தவரின் ஏட்டிற்கு நேர்ந்த கதி இது!

மறு ஆண்டே அவர் ரெக்டர் என்னும் தலைமைப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மனக்கசப்பால் அதனை மறுத்தாரல்லர். பத்தொன்பது ஆண்டுகள் வகித்தார். 1829-ல் தம் கொள்கையை மீண்டும் எழுதிக் கஸான் பத்திரிகையில் வெளியிடத் தொடங்கினார். அது வெளிவந்து கொண்டிருக்கையிலேயே, 1830-ல், வாந்திபேதி நகரிற் பரவியது. ஆசிரியரையும் மாணவரையும் குடும்பங்களுடன் கலாசாலை மதிலுக்குள் சேர்த்து, வாயில்களைக் காத்து, அவருள் மிகப் பலரைப் பிழைப்பித்தார். தலைநகரத்து அறிஞரோ அவருடைய கணிதத்தை இகழ்ந்தொதுக்கினர்.

1840-ல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட சிறு நூலைக் காஸ் என்னும் பேரறிஞர் கண்டு வியந்தார். அவர் முயற்சியால் 1842-ல் கெட்டிங்கன் கழகம் லோபாசெவ்ஸ்கியை உறுப்பினராக்கிற்று. அவ்வாண்டே கஸானிற் பெருந்தீ மூண்டு வானாராய்ச்சி நிலையத்தை அழித்தது. நூல்களையும் கருவிகளையும் காப்பதிலும், கட்டடங்களை மீள எழுப்புவதிலும் அவர் நாட்கள் சென்றன.

1846-ல் பதவியும் பேராசிரியப் பீடமும் ஒருங்கே பறிக்கப்பட்டன. அலுவற்சுமை நீங்கியது, ஆயின் அந்த ஓய்வு அவருக்கு நலஞ்செய்ததாக நமக்குத் தோன்றவில்லை. மூத்த மகன் இறந்தான், கண்ணொளியும் மங்கிற்று. இறுதி நூலை அவர் சொல்ல, 1855-ல் பிறர் எழுதினர். 1856 பிப்ரவரியில் உயிர் துறந்தார். தொலைந்த அக்கட்டுரையைச் சமர்ப்பித்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.